குதிப்பதா, இறங்குவதா? கோவை ஒத்திகை மரணம்: ஒரு மறுவாசிப்பு

2018 ஜூலை 12 அன்று கோவையை அடுத்த நரசீபுரத்தில், ஒரு தனியார் கலைக் கல்லூரியில் நடந்த பேரிடர் ஒத்திகையின்போது 19 வயது மாணவி ஒருவர் இறந்தார். அது பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: பயிற்சியாளர் தகுதியற்றவர், தகுதியுள்ளவர் வந்திருந்தால் அந்த உயிர் போயிருக்காது. இந்த முடிவு பாதி சரி. விடுபட்ட மீதிப் பாதிதான் எங்கள் பக்கத்து மல்லசமுத்திரம் போன்ற ஊர்களின் கல்லூரிகளுக்கு இன்று வேண்டியது என்பது என் வாதம்.

'தகுதியின்மை' வாசிப்புக்கு முதன்மை ஆதாரம் ஓர் அறிவிப்பு. அந்த ஒத்திகையில் தனக்குத் தொடர்பில்லை, பயிற்சியாளர் தன்னால் அங்கீகரிக்கப்பட்டவர் அல்லர் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொன்னது. பயிற்சியாளர் கைதானார். அறிவிப்பின் உண்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது 'யார் பொறுப்பு?' என்ற கேள்விக்கான விடை. பொறுப்பை விலக்கிக்கொள்ளும் வாக்கியத்தை, சாவின் காரணத்தைச் சொல்லும் வாக்கியமாக நாம் வாசித்துவிட்டோம்.

காரணத்துக்கு வேறோர் ஆதாரம் இருக்கிறது. அன்று கைபேசியில் பதிவாகி நாடெங்கும் பரவிய காணொளி அது. மனம் கனக்காமல் அதைப் பார்க்க முடியாது; இருந்தாலும் பார்த்தாக வேண்டும். இரண்டாம் மாடியின் விளிம்பில் மாணவி உட்கார்ந்திருக்கிறார். தயங்குகிறார். பின்னாலிருந்து ஒரு கை தள்ளுகிறது. கீழே மாணவர்கள் வலையை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். வலைக்கு வந்து சேரும் முன்பே முதல் மாடியின் சன்ஷேடில் தலை மோதுகிறது. அது பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். நான் சன்ஷேடைப் பார்க்கச் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கல்லூரிக் கட்டடங்களில் மாடிக்கு மாடி சன்ஷேடு ஒன்றரை, இரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்கும். வெயிலுக்கும் சாரலுக்கும் போட்டது. மேலிருந்து நேராக விழுவது எதுவும் அதில் இடிக்கும் என்பதை எந்தக் கொத்தனாரும் சொல்லிவிடுவார். குதிப்பதற்குத் தோதான கட்டடமே அல்ல அது. அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் அந்த மாணவியைத் தள்ளியிருக்க மாட்டார். வலையைச் சற்று விலக்கிப் பிடிக்கவும் சொல்லியிருப்பார். ஆனால் 'மாடியிலிருந்து குதி' என்ற பாடத்தையே கைவிட்டிருப்பாரா? அங்கீகாரச் சான்றிதழ் ஒன்றை மட்டும் வைத்து அப்படி நம்ப முடியவில்லை. அக்காலச் செய்திகளின்படி, அந்த மாணவிக்கு முன்பே சிலர் காயமின்றிக் குதித்திருந்தனர். அவர்கள் பிழைத்தது பயிற்சியால் அல்ல, அதிர்ஷ்டத்தால்.

தீ என்றால் முதலில் படிக்கட்டு. அது அடைபட்டால் புகை நுழையாத அறை, சன்னலோரம், உதவிக்குக் காத்திருப்பு. குதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நரசீபுரத்தில் அந்தக் கடைசியை முதல் பாடமாக்கினார்கள். காரணம் எளிது: வரிசையாகப் படியிறங்குவதை யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். ஒத்திகை என்பது நாடகக்காரர்களின் சொல்லும்கூட என்பதை இங்கே நினைவுபடுத்தலாம்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆயத்தத்தைத் 'தயார்நிலை' என்றே வரையறுக்கிறது. அது ஒரு நிலை. ஒரு நாள் நிகழ்ச்சி அல்ல. நம் வளாகங்கள் அதை நிகழ்ச்சியாக்கிவிட்டன: பேனர், சிறப்பு விருந்தினர், ஒரு குதிப்பு, ஒரு புகைப்படம்.

பாதுகாப்பைக் கண்ணில்படும் காட்சியாக்கும் இந்தத் திரிபு பயிற்சியாளரோடு தொடங்கியதல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல், எளிதில் ஏற முடியாத மதில், அதன்மேல் முள்கம்பிச் சுருள், மூன்றுக்கு மேற்படாத நுழைவாயில்கள் என்று பேசுகிறது. ஆபத்து வெளியிலிருந்து வரும் ஆள் என்பதே இதன் அடிப்படை. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தது யாரோ உள்ளே வந்ததால் அல்ல. கூரை பற்றியபோது அவர்களால் வெளியேற முடியாததால். மதில் பெண்களின் பாதுகாப்புக்கு வேண்டும் என்பார்கள். இருக்கட்டும், இரவில் விடுதிக் கதவின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மல்லசமுத்திரத்தில் கேள்வி இன்னும் நீள்கிறது. இங்கே படிப்பவர்களில் பலருக்குக் கல்லூரி நாள் தொடங்குவது வாயிலில் அல்ல, சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு சாலைகளில் ஓடும் மஞ்சள் பேருந்துகளில். பேருந்துகளில் அவசர வழி என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதன்மேல் சாப்பாட்டுப் பையும் புத்தகப் பையும் சாய்ந்திருக்கும். அந்தக் கைப்பிடியை ஒருமுறையாவது திருப்பிப் பார்த்த மாணவர்கள் எத்தனை பேர்? 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரியில் எரிக்கப்பட்ட பேருந்தில் இறந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் மூவரும் கல்விச் சுற்றுலா வந்தவர்கள். அது அரசியல் வன்முறை. விபத்தோடு அதைச் சேர்க்கலாமா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் எரியும் பேருந்திலிருந்து இறங்கும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான். எந்த வளாக மதிலும் அந்தப் பேருந்தைச் சுற்றி இல்லை.

படியிறங்குவதையும் அவசர வழியைத் திறப்பதையும் பழக்கினால் போதும் என்றால், சாகசம் இல்லாவிட்டால் மாணவர்கள் ஒத்திகையைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்ற மறுப்பு வரும். தேர்வு அறையின் இருக்கை எண்ணை அவர்கள் சாகசம் இல்லாமலேதான் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

காணொளிக்கே திரும்புகிறேன். மாணவி தயங்கும் அந்தச் சில நொடிகளைப் பயம் என்று எழுதினார்கள். கீழே நீட்டிக்கொண்டிருந்ததை அந்த இடத்திலிருந்து பார்க்க முடிந்தவர் அவர். எனக்கு அது அன்று அந்த மாடியில் எடுக்கப்பட்ட ஒரே சரியான கணிப்பாகத் தெரிகிறது. இதை ஊகம் என்று ஒதுக்குபவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஊகம் வேண்டாத ஒன்றும் உண்டு. குதிப்பதற்காக அன்று மேலே போனவர்கள் அனைவரும் படிக்கட்டில்தான் ஏறிப் போனார்கள்.