பழவேற்காட்டுக் கரையிலிருந்து யேல் - ஹார்வர்ட்: ஒரு முன்னோட்டம்

"ஏம்பா, இதுல நம்ம கட்சி எதுப்பா?"

போன நவம்பர்ல ஊருக்குப் போயிருந்தப்போ சித்தப்பா கேட்ட கேள்வி இது. சுண்ணாம்புக்குளத்துல ராத்திரி பதினோரு மணிக்கு மேல முழிச்சிருக்கிறது ரெண்டே கோஷ்டிதான். ஒண்ணு ஏரிக்குப் போறவங்க, இன்னொண்ணு என்னை மாதிரி செல்லைக் கையில வெச்சிக்கிட்டுக் கெடக்கிறவங்க. நான் பார்த்துக்கிட்டிருந்தது யேல் - ஹார்வர்ட் ஃபுட்பால் மேட்ச். அப்போ பதில் சொல்லத் தெரியாம முழிச்சேன். அதுக்குப் பதில் தேடப் போய்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே :-)

முதல்ல ஒரு விஷயம். இது நம்ம ஃபுட்பால் இல்லை. அமெரிக்கக் கால்பந்து, ஆனா காலுக்கு அதுல வேலை கம்மி. புரியணும்னா சடுகுடுவை நினைச்சுக்குங்க. நடுவுல ஒரு கோடு, அந்தப் பக்கம் பதினோரு பேர், இந்தப் பக்கம் பதினோரு பேர். பந்து வெச்சிருக்கிற அணி கோட்டைத் தாண்டி முன்னேறணும், எதிரணி பிடிச்சு மடக்கணும். நாலு தடவைக்குள்ள பத்து கஜம் தாண்டிட்டா மறுபடி நாலு வாய்ப்பு. தாண்டலைன்னா பந்து எதிராளிக்கு. எங்க ஏரியில பாடு முறைன்னு ஒண்ணு உண்டு. மீன் பிடிக்கிற இடத்துக்குச் சீட்டுப் போட்டு முறை வெச்சிருப்பாங்க. உன் முறையில வலை விரிச்சுக்க, முறை முடிஞ்சா அடுத்தவனுக்கு விட்டுடணும். சித்தப்பாவுக்கு இப்படிச் சொன்னதும் டக்குனு புரிஞ்சுடுச்சு.

இந்த ரெண்டு கல்லூரியும் முதல் முதலா மோதினது 1875 நவம்பர் 13. இடம் நியூ ஹேவன். ஹார்வர்ட் 4-0ன்னு ஜெயிச்சது. அப்போ இந்த ஆட்டத்துக்குன்னு தனி விதியே கிடையாது. யேல் ஆடிக்கிட்டிருந்தது ஏறக்குறைய நம்ம கால்பந்து. ஹார்வர்ட் அதுக்கு முந்தின வருஷம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோட ஆடி ரக்பியைக் கத்துக்கிட்டு வந்திருந்தது. ரெண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு கலவை விதியில ஆடினாங்க. தோத்த யேல் அடுத்த வருஷம் ரக்பி பக்கம் சாய்ஞ்சது. யேல்ல ஆடின வால்ட்டர் கேம்ப்ங்கிற ஆசாமிதான் பிறகு 1880ல அணிக்குப் பதினோரு பேர், நடுக்கோட்டுல பந்தை வெச்சு ஆரம்பிக்கிறதுன்னு கொண்டு வந்தார். 1882ல மூணு தடவையில அஞ்சு கஜம்ங்கிற விதி வந்தது. இன்னைக்கு டிவியில பார்க்கிற அமெரிக்க ஃபுட்பாலுக்கு விதை அதுதான்.

சும்மா விளையாட்டா இல்லை, வெட்டுக்குத்து மாதிரிதான் ஆடியிருக்காங்க. 1894 மேட்ச்ல அத்தனை பேருக்கு அடி. அடுத்த ரெண்டு வருஷம் மேட்சே கிடையாதுன்னு நிறுத்திட்டாங்க. 1905 சீசன்ல நாடு முழுக்க ஃபுட்பால் ஆடி பதினஞ்சு பேருக்கு மேல செத்துப் போனாங்க. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் (அவரே ஹார்வர்ட்காரர்) ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, ஒழுங்கா ஆடுங்கன்னு சொல்ல வேண்டியதாச்சு.

அடுத்து நடந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. நெரிசலைக் குறைக்க மைதானத்தை அகலப்படுத்தலாம்னு ஒரு யோசனை வந்தது. ஆனா ஹார்வர்ட் 1903லதான் கான்கிரீட்ல ஒரு ஸ்டேடியம் கட்டி முடிச்சிருந்தது. அகலப்படுத்தணும்னா அதை இடிக்கணும். அதனால அந்த யோசனை அடிபட்டுப் போய், பந்தை முன்னாடி தூக்கி எறியலாம்னு 1906ல விதி வந்தது. ஒரு கட்டடத்தை மாத்த முடியாததால ஆட்டத்தையே மாத்திட்டாங்க! பழைய கோடைத் தொட பயந்துகிட்டு மேல மேல ஒட்டுப் போடுற நம்ம சாஃப்ட்வேர் பொழப்பு மாதிரியே இருக்கு இல்லே?

யேல் என்ன பண்ணுச்சுன்னா, பள்ளம் தோண்டி, தோண்டின மண்ணையே சுத்திக் கரையாப் போட்டு ஒரு மைதானம் கட்டுச்சு. நம்ம ஊர்ல ஏரி வெட்டுற அதே டெக்னிக். பேரு யேல் பவுல். 1914 நவம்பர்ல ஹார்வர்டைக் கூப்பிட்டுத் திறந்தாங்க. ஹார்வர்ட் வந்து 36-0ன்னு அடிச்சுட்டுப் போச்சு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவன் வீட்டுக்காரனையே விரட்டின கதை.

ஆனா இந்த மேட்ச் வரலாற்றுல உச்சம்னா 1968தான். ரெண்டு அணியும் அந்த சீசன்ல தோல்வியே பார்க்காம வந்தாங்க. கடைசி நிமிஷம் ஆரம்பிக்கும்போது யேல் 29, ஹார்வர்ட் 13. ஜனங்க எழுந்து போக ஆரம்பிச்சுட்டாங்க. கடைசி 42 வினாடியில ஹார்வர்ட் 16 பாயின்ட் எடுத்து 29-29. அப்புறம் ஹார்வர்ட் மாணவர் பத்திரிகை போட்ட தலைப்பு: ஹார்வர்ட் யேலைத் தோற்கடித்தது, 29-29! அன்னைக்கு ஹார்வர்டுக்கு ஆடினவங்கள்ல ஒருத்தர், பிற்பாடு ஹாலிவுட்ல கலக்கின டாமி லீ ஜோன்ஸ்.

சரி, இதுக்கும் பழவேற்காட்டுக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்கிறீங்களா? இப்பத்தான் விஷயத்துக்கே வர்றேன்.

எங்க ஏரியைப் படமா நினைச்சுக்குங்க. தெக்கு முனையில பழவேற்காடு, வடக்குல ஆந்திராப் பக்கம் துர்கராயபட்டினம். 1610ல டச்சுக்காரன் பழவேற்காட்டுல கால் ஊன்றி, 1613ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிட்டான். 1611ல வந்த ஆங்கிலேயக் கப்பலை உள்ளேயே விடலை. பிறகு 1626ல ஆங்கிலேயன் வடக்கே துர்கராயபட்டினத்துல (அவன் வாயில அது ஆர்மகான்) ஒரு கிடங்கு போட்டான். அங்கே சரிப்படலை. தெக்கே நகர்ந்து 1639ல வாங்கின மணல்மேடுதான் சென்னைப்பட்டினம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை. எல்லா அடிதடியும் ஒரே சரக்குக்காக. நம்ம நெசவாளிங்க நெய்த துணி.

(அதே 1639லதான் மாசாசூசெட்ஸ்ல இருந்த சின்னக் கல்லூரி ஒண்ணுக்கு ஹார்வர்ட்னு பேர் வெச்சாங்க. தற்செயல்தான், ஆனா நல்லாருக்கு.)

1672ல அந்தக் கோட்டைக்கு குமாஸ்தா வேலைக்கு வந்தவர் எலிஹு யேல். பிறந்தது பாஸ்டன்ல, 1649. கோட்டைக்குள்ள புதுசாக் கட்டின செயின்ட் மேரி தேவாலயத்துல 1680ல நடந்த முதல் கல்யாணம் இவருது. சின்ன வயசுலயே செத்துப் போன மகனை இங்கேதான் புதைச்சார். 1687ல இருந்து 1692 வரைக்கும் கவர்னர். சொந்த வியாபாரத்துல ஏகமாச் சம்பாதிச்சார்னு புகார் வந்து பதவியைப் பிடுங்கினாங்க. 1699ல பெரும் பணக்காரரா இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பக்கம் கனெக்டிகட்ல 1701ல ஆரம்பிச்ச ஒரு கல்லூரி காசில்லாம தடுமாறிக்கிட்டிருந்தது. ஹார்வர்ட் மேல கோவத்துல இருந்த காட்டன் மாதர்ங்கிற பாதிரியார், நீங்க உதவினா உங்க பேரையே வெச்சுடலாம்னு யேலுக்குக் கடிதம் போட்டார். யேல் அனுப்பினது 417 புத்தகம், அரசர் படம் ஒண்ணு, 9 பொதி சரக்கு. பொதியில மஸ்லினும் காலிகோவும் இருந்தது. அதை வித்த காசு 562 பவுண்டு. 1718ல கல்லூரி பேரு யேல் ஆச்சு. நம்ம துணி வியாபாரத்துல சேர்ந்த பணம், அந்தப் பேரா நிக்குது.

துணி மட்டும் இருந்திருந்தா நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுப் பதிவை முடிச்சிருப்பேன். ஆனா இந்தக் கரையில இருந்து கப்பல் ஏறினது துணி மட்டும் இல்லை. பழவேற்காட்டுல இருந்து டச்சுக்காரன் ஆயிரக்கணக்கான ஆட்களை அடிமைகளா படேவியாவுக்கு ஏத்தினான். பஞ்சம் வந்தா ஆள் விலை இறங்கும், ஏத்துமதி ஏறும். சோத்துக்கு வழியில்லாம தன்னையும் பிள்ளைகளையும் வித்தவங்க. யேல் கவர்னரா இருந்த 1687லயும் பஞ்சம். ஐரோப்பா போற ஒவ்வொரு கப்பல்லயும் குறைஞ்சது பத்து அடிமைகளை செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பணும்னு அவர் தலைமையில இருந்த கவுன்சில் உத்தரவு போட்டது. 1688ல மொகலாயர் நெருக்கினதும் தடை போட்டதும் அதே கவுன்சில்தான். அந்தக் கப்பல்கள்ல போனவங்க பேரு எந்தக் கல்லூரிக்கும் வெக்கலை.

2024 பிப்ரவரியில யேல் பல்கலைக்கழகம், அடிமை முறையோட தனக்கிருந்த தொடர்புக்காக அதிகாரபூர்வமா மன்னிப்புக் கேட்டது. தங்கள் வரலாற்றைத் தோண்டி ஒரு புத்தகமும் போட்டாங்க. நல்ல விஷயம்தான். அவங்களாவது தோண்டினாங்க. நாம பழவேற்காட்டுக்குப் போனா டச்சுக் கல்லறையில மண்டையோட்டுச் சிற்பத்து முன்னாடி போட்டோ எடுத்துட்டு, இறால் வாங்கிட்டு வந்துடுறோம். கரையில ஏத்தி விடப்பட்டவங்களுக்கு ஒரு கல் கூட இல்லை.

இனி முன்னோட்டம். 2025 வரை நடந்தது 141 ஆட்டம். யேல் 72, ஹார்வர்ட் 61, சமன் 8. 2022ல இருந்து 2025 வரை தொடர்ந்து நாலு தடவை யேல். கடைசியா 45-28. அதனால 142ஆவது ஆட்டத்துல அழுத்தம் முழுக்க ஹார்வர்ட் மேலதான். ஐவி லீக் அணிகள் சாம்பியன்ஷிப் நாக்-அவுட்டுக்குப் போகக் கூடாதுன்னு இருந்த பழைய தடையும் 2025 சீசன்ல இருந்து போயிடுச்சு. முன்னெல்லாம் இந்த மேட்சோட சீசன் முடிஞ்சது, மானம் மட்டும்தான் பந்தயம். இப்போ ஜெயிச்சா மேல போற வழியும் திறக்கும். கடைசி கால் மணி நேரத்தைத் தவற விட்டுடாதீங்க, 1968 ஞாபகம் இருக்கட்டும். பெரும்பாலும் நம்ம நேரம் சனிக்கிழமை ராத்திரி பத்தரை வாக்குல ஆரம்பிக்கும்.

சித்தப்பா கேள்விக்கு இப்போ பதில் இருக்கு. யேல் ஜெயிச்சா நம்ம துணி ஜெயிச்சதுன்னு வெச்சுக்கலாம். தோத்தா அந்தக் கவர்னர் தோத்தான்னு வெச்சுக்கலாம். போன வாரம் போன்ல இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "கப்பல்ல போனவங்க திரும்பி வந்தாங்களாப்பா?"

மேட்ச் அன்னைக்கு ஊர்லதான் இருப்பேன்.