காத்திருப்புப் பட்டியலிலிருந்து சாரி கார்டு வரை – ஒரு பைக் வாங்கப் போன வரலாறு

தேர்வு முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். இந்தத் தடவை வரலாறு. ஆனால் ராஜா, போர், கல்வெட்டு எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் புது பைக் வாங்குவதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக நடக்கும் பட்டிமன்றத்தில் இருந்து பிறந்த கட்டுரை இது.

எங்கள் வீடு ரெட்டியார்சத்திரம் பக்கம். கல்லூரி காந்திகிராமம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மதுரை ரோட்டில் போகும் வேறு பஸ் பிடிக்க வேண்டும். காலையில் இரண்டாவது பஸ்ஸைத் தவற விட்டால் முதல் பீரியட் போச்சு. அதனால் ஒரு 100 சிசி வண்டி வேண்டும் என்றேன். அப்பா, "எக்ஸெல் இருக்குல்ல, அதுக்கு என்ன குறை?" என்றார். குறை என்ன என்று யோசிக்கப் போய்த்தான் அந்த வண்டிக்குப் பின்னால் எவ்வளவு கதை இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். இன்றைக்குக் காலையில் ஷோரூமுக்குள் நுழைந்து மாலையில் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். 1960, 70களில் அப்படி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஒரு கம்பெனி வருடத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்க ஆள் இருந்தாலும் கூடுதலாகச் செய்ய முடியாது. விளைவு, காத்திருப்புப் பட்டியல். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்து அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டி வண்டி கிடைத்தது. அப்படி ஆள் இல்லாதவர் கூடுதல் விலை கொடுத்து பழைய வண்டியை வாங்கினார். (புது வண்டியை விடப் பழைய வண்டி விலை அதிகம் என்றால் இன்றைக்கு யாராவது நம்புவார்களா?)

மோட்டார் சைக்கிள் என்று எடுத்துக்கொண்டால் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கின. திருவொற்றியூரில் இருந்து புல்லட் வந்தது. மைசூரில் இருந்து ஜாவா, பிறகு அதுவே யெஸ்டி. வடக்கே எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். எல்லாம் கனமான வண்டிகள். ஒரு சின்ன விவசாயிக்கு புல்லட் என்பது வாங்கும் பொருள் இல்லை, வேடிக்கை பார்க்கும் பொருள். பண்ணையார், போலீஸ், மிலிட்டரிக்காரர் ஓட்டுவது. எங்கள் தாத்தா காலத்தில் ஊருக்குள் புல்லட் சத்தம் கேட்டால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவார்களாம்.

மற்றவர்களுக்கு சைக்கிள். சைக்கிளுக்கும் புல்லட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியதுதான் மொபெட். திருப்பதியில் தயாரான சுவேகா ஒன்று. 1972இல் பூனாவில் இருந்து வந்த லூனா இன்னொன்று. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்யை இறுக்கியதும் பெட்ரோல் விலை தாவியது. குறைவாகக் குடிக்கும் வண்டிக்கு மவுசு கூடியது. ஆனால் லூனா போன்றவை அடிப்படையில் ஓர் ஆளுக்கான வண்டிகள். நம்மூரில் ஓர் ஆள் மட்டும் போகும் பயணம் எங்கே இருக்கிறது? பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை, அல்லது ஒரு மூட்டை.

இங்கேதான் ஓசூர் வருகிறது. சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் அங்கே மொபெட் தொழிற்சாலை அமைத்து 1980இல் டிவிஎஸ் 50ஐ வெளியிட்டது. இரண்டு பேர் உட்காரும் மொபெட்டாக இந்தியாவில் வந்த முதல் வண்டி. இந்தக் குழுமத்தின் வேர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912இல் பஸ் விட ஆரம்பித்தது மதுரையில்தான். 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டம் ஆகும்வரை திண்டுக்கல்லும் மதுரை மாவட்டம்தானே. ஆக ஒருவிதத்தில் சொந்த ஊர் வண்டி என்றே சொல்லிக்கொள்ளலாம். :-)

அதன் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கியர் கிடையாது. 50 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பங்கில் ஆயிலை அளந்து ஊற்றும் அந்தச் சின்னக் குவளை என் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் அதன் உடம்பைப் பாருங்கள். உட்காருபவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே காலியிடம். பெட்ரோல் டாங்க் வந்து இடத்தை அடைக்காது. அந்த இடத்தில் ஒரு மூட்டை நிற்கும், ஒரு பால் கேன் நிற்கும், கேஸ் சிலிண்டர் நிற்கும். பின்சீட்டைக் கழற்றினால் இன்னும் இரண்டு மூட்டை. மோட்டார் சைக்கிளை வடிவமைப்பவர் ஓட்டுபவரை மனதில் வைத்து வரைகிறார். நம்மவர்களோ இந்த வண்டியைச் சரக்கை மனதில் வைத்து வாங்கினார்கள்.

விடிகாலையில் பழனி ரோட்டில் நின்று பாருங்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய்க் கட்டு, தக்காளிப் பெட்டி, கத்தரி மூட்டை. நிலக்கோட்டைப் பக்கம் போனால் பூ மூட்டை. பஸ்ஸில் லக்கேஜ் ஏற்ற கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டாம், டெம்போ வாடகைக்கு நாலு பேர் சேரக் காத்திருக்க வேண்டாம். பூ என்றால் ஒரு மணி நேரம் தாமதம் ஆனாலே விலை இறங்கிவிடும். இந்த மொபெட் சின்ன சம்சாரிக்குக் கொடுத்தது வேகத்தை அல்ல, மார்க்கெட்டுக்கு எப்போது போவது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையை. புல்லட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இதைப் பற்றி எழுத ஆள் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்த மாற்றம் வேகமாக வந்தது. 1980களின் தொடக்கத்தில் அரசு 100 சிசி வரையான வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டை அனுமதித்தது. 1984இல் ஓசூரிலிருந்தே இந்த்-சுசூகி ஏஎக்ஸ் 100, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருடம் யமஹா ஆர்எக்ஸ் 100. இதில் ஆர்எக்ஸ் 100க்குத்தான் ரசிகர் மன்றம் அதிகம். 1996இல் தயாரிப்பு நின்ற பிறகும் இன்றுவரை தேடி வாங்குகிறார்கள். ஆனால் ஆபீஸ், ஸ்கூல், பேங்க் என்று தினமும் போய்வருபவரின் கணக்கை மாற்றியது சிடி 100தான். நாலு ஸ்ட்ரோக் என்ஜின், ஆயில் கலக்கும் வேலை இல்லை, லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம். "எவ்வளவு குடுக்குது?" என்று மைலேஜைக் கேட்டு வண்டி வாங்கும் பழக்கம் அதோடு நம்மிடம் ஒட்டிக்கொண்டது. கடைசியில் மொபெட்டும் அந்த வழிக்கே வந்தது. 2015இல் வந்த எக்ஸெல் 100 நாலு ஸ்ட்ரோக்தான். எங்கள் வீட்டில் நிற்பது அதுதான்.

சரி, வண்டியை வாங்கிய பிறகு செய்யும் வேலைகளுக்கு வருவோம். அதிலும் வரலாறு இருக்கிறது. ஷோரூமில் ஒரு நீளமான சீட்டு கொடுத்தார்கள். வண்டி விலை, வரி, பதிவு, இன்சூரன்ஸ். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் கொஞ்சம் லாபம். இன்சூரன்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்டேன். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும், உச்ச நீதிமன்ற உத்தரவு. அதற்குக் கீழே 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்' என்று ஒரு தொகை. சீட் கவர், டாங்க் கவர், சைடு பாக்ஸ், சாரி கார்டு எல்லாம் அதில். வேண்டாம் என்றால் டெலிவரி தாமதம் ஆகும் என்று ஒரு முகபாவனை!

"சாரி கார்டைக் கழற்றிடுங்க, பார்க்க நல்லா இல்லை" என்று நான்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு முடியாது என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 123ஆவது விதி. பின்னால் ஆள் உட்கார வசதி உள்ள மோட்டார் சைக்கிளில் கைப்பிடி, கால் மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் இருந்தாக வேண்டும். பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கவே அந்தத் தடுப்பு. ஆக அதற்குத் தனியாகக் காசு கேட்டது ஏன் என்று அடுத்த தடவை நான் கேட்க வேண்டும்.

ஜப்பானிலோ இங்கிலாந்திலோ வரைந்த வண்டியில் இந்தக் கம்பி வலை இல்லை. அவர்கள் ஊரில் பின்சீட்டில் ஒரு பக்கமாக, சேலை கட்டி, மடியில் பையோடு யாரும் உட்காரவில்லை. இங்கே எங்கள் அம்மா அப்படித்தான் உட்காருகிறார். முந்தானை சக்கரத்தில் சிக்கி விழுந்த கதை எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

ஹெல்மெட்டும் அப்படித்தான் மெதுவாக வந்தது. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் கட்டாயம் என்றார்கள், நாளாக ஆகத் தளர்ந்தது. 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் மறுபடி இறுகியது. அப்பா அன்று வாங்கிய ஹெல்மெட்டை இன்னும் எக்ஸெல்லின் முன்பக்கக் கொக்கியில்தான் மாட்டி வைத்திருக்கிறார், தலையில் இல்லை.

போன வெள்ளிக்கிழமை டிஎன் 57 எண்ணோடு என் வண்டி வந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டு, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வீட்டுக்கு வந்து கிளட்ச் லீவரை என் கைக்குத் தக்க இறக்கி, காற்று பார்த்து வைத்தேன். முதல் சர்வீஸ் வரை விரட்டாதே என்றார் மெக்கானிக் அண்ணன். அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். டாங்கைத் தட்டினார். "எல்லாம் சரிப்பா, முருங்கைக்கட்டை எங்க வைக்கிறது?" என்றார். எக்ஸெல்லை விற்கவில்லை.