அரமும் மரமும்: ஒழுங்கில்லாத பல்லின் வரலாறு

வள்ளுவர் காலத்துலயே அரம் இருந்திருக்கு மக்களே. 997-வது குறளை எடுத்துப் பாருங்க. அரம் மாதிரி கூர்மையா இருந்தாலும் பண்பு இல்லாத ஆளு மரம்தான்னு போட்டுத் தாக்குறார். எதுகைக்கு எதுகையும் ஆச்சு, திட்டுக்குத் திட்டும் ஆச்சு. இதுல நான் கவனிச்சது வேற. உவமையா போட்டிருக்கார்னா, அரம்னா என்னன்னு அன்னைக்குப் படிச்சவனுக்கு விளக்க வேண்டியிருக்கலைன்னு அர்த்தம். நமக்குத்தான் இப்போ விளக்கணும்.

அரத்துல ரெண்டு ஜாதி. இரும்பை ராவுற அரத்துல பல்லு எல்லாம் நீளக் கோடா, வரப்பு போட்ட வயல் மாதிரி இருக்கும். மரத்தை ராவுறது வேற. கடையில 'ராஸ்ப்'னு கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்க. அதுல கோடு கிடையாது, தனித்தனி முள்ளு. பலாப்பழத் தோலைச் சின்னதாக்கி இரும்புல ஒட்டின மாதிரி. ஒவ்வொரு முள்ளும் மரத்துல ஒரு துணுக்கைக் கிள்ளி எடுக்கும். நம்ம வீட்டுல தகரத்துல ஆணியால ஓட்டை போட்டு கேரட் துருவினாங்களே, அதே தத்துவம்தான்.

அந்த முள்ளை எப்படி வரவச்சாங்க? அம்மி கொத்துறதைப் பார்த்தவங்களுக்கு இது ஈஸி. "அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல் கொத்தலையோ..."ன்னு தெருவுல குரல் வந்ததும் ஆச்சி வழவழன்னு தேஞ்சு போன அம்மியைக் காட்டும். அந்த ஆள் உளியை வச்சு டொக் டொக்னு ஒரு பக்கத்துல இருந்து தட்டிட்டே வருவார். ராஸ்ப்பும் இதேதான். பழுக்கவச்சு ஆறவிட்டு மெதுவாக்குன இரும்புல முக்கோண முனை உள்ள உளியைச் சாய்ச்சு வச்சு ஒரு தட்டு. ஒரு பல்லு எந்திரிச்சு நிக்கும். அடுத்த தட்டு, அடுத்த பல்லு. ஒரு ராஸ்ப்புக்கு இப்படி நூத்துக்கணக்குல, நைசா இருந்தா ஆயிரக்கணக்குல. கொத்தி முடிச்சு, திரும்பப் பழுக்கவச்சு தண்ணியில முக்கினா கெட்டியாயிடும்.

இந்தக் கெட்டியாக்குற வித்தை பழசு. 12-ஆம் நூற்றாண்டுல தியோஃபிலஸ்ங்கிற பேர்ல எழுதின ஐரோப்பியத் துறவி ஒருத்தர், மாட்டுக்கொம்பைச் சுட்டுப் பொடியாக்கி, உப்பு கலந்து, பழுத்த அரத்துமேல தூவச் சொல்லி எழுதி வச்சிருக்கார். கேக்க மாந்திரீகம் மாதிரி இருந்தாலும் கெமிஸ்ட்ரி கரெக்ட். கொம்புல இருக்குற கார்பனும் நைட்ரஜனும் இரும்புத் தோலுக்குள்ள இறங்கும்.

இப்போ எனக்கு இது எதுக்குன்னு சொல்லிடுறேன். லீவுக்கு ராஜபாளையம் போயிருந்தப்போ அப்பாவோட மம்பட்டிக்குப் புதுக் கணை செதுக்கணும்னு ஆசை. கருவேலங்கட்டை ரெடி. கடை அண்ணாச்சி 10 இஞ்ச் அரைவட்ட ராஸ்ப் ஒண்ணை எடுத்துப் போட்டார். (அதுமேல 'பாஸ்டர்ட்'னு அடிச்சிருக்கும், பயப்படாதீங்க. கெட்ட வார்த்தை இல்ல, பல்லு எவ்வளவு முரடுங்கிறதுக்கான பேர்.) கட்டையில நாலு இழுப்பு இழுத்ததுமே ஏர் உழுத மாதிரி நீளமா பள்ளம். அதே இடத்துல எத்தனை தடவை ஓட்டினாலும் பள்ளம் ஆழமாகுதே தவிர மட்டமாகல.

அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனா ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் தேர் நிக்குது. தமிழ்நாட்டுப் பெரிய தேர்கள்ல ஒண்ணு, ஆடிப்பூரத்துக்கு ஊரே இழுக்கும். பக்கத்துல நின்னு அந்த மரச் சிற்பங்களை நிதானமா பார்த்திருக்கீங்களா? அங்க பழக்கமான ஆசாரி ஒருத்தர்கிட்ட, "இதெல்லாம் ராஸ்ப் போட்டா வழிச்சாங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டார். "தம்பி, தேருக்கு உளிதான். உளி வெட்டும், அரம் பிச்சு எடுக்கும். சிற்பத்துல விளிம்பு கத்தியா நிக்கணும்லா? உங்க மம்பட்டிக் கணை மாதிரி உருண்டையா கைக்கு இதமா வரணும்னா அரம் சரி. ஆனா அந்த அரம் ஆவாது. பல்லு வரிசையா நிக்கி பாருங்க."

வரிசையா நிக்கிறதுதான் குத்தம்! யோசிச்சா புரியும். பல்லு எல்லாம் நேர் வரிசையில இருந்தா, முன்னால போற பல்லு கிழிச்ச தடத்துலயே பின்னால வர்ற பல்லும் போகும். நடுவுல இருக்குற மரத்தை யாரும் தொடவே மாட்டாங்க. தடம் கலைஞ்சிருந்தா ஒண்ணு விட்ட மேட்டை இன்னொண்ணு எடுக்கும். கையால கொத்துறவனுக்கு இந்தப் பிரச்சினையே வராது. எவ்வளவு பழகின கையும் ஒரு மயிரிழை அங்க இங்க போகும். அந்தப் பிசகுதான் மரத்தை வழவழன்னு ஆக்குது.

இதை மெஷின் கைக்கு மாத்த எல்லாரும் மண்டையை உடைச்சிருக்காங்க. லியோனார்டோ டா வின்சி அரம் வெட்டுற மெஷினுக்கு ஒரு படம் வரைஞ்சு வச்சிருக்கார். கயித்துல தொங்குற எடை இறங்க இறங்க சுத்தியல் தானா எந்திரிச்சு அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் அரம் கொஞ்சம் நகரும். படம் அழகு. ஆனா அதுக்கப்புறமும் சில நூற்றாண்டுக்கு அரம் வெட்டினது மனுஷன்தான்.

அதுக்கு அவங்க குடுத்த விலையை இங்க சொல்லியாகணும். இங்கிலாந்துல ஷெஃபீல்ட் ஊர் அரத்துக்குப் பேர் போனது. ஒரு பக்கம் கொத்தி முடிச்சுத் திருப்பிப் போட்டா, கீழ இருக்குற புதுப்பல்லு நசுங்கக் கூடாதில்லையா? அதுக்காக மெத்தை மாதிரி ஈயக்கட்டை மேல வச்சு அடிச்சாங்க. ஒவ்வொரு அடிக்கும் ஈயத்தூள். உளி பிடிக்கிற விரலை நக்கி ஈரப்படுத்திக்கிற பழக்கம் வேற. ஈயம் உடம்புல ஏறி வயித்துவலி, பக்கவாதம், மணிக்கட்டு தொங்கிப் போறதுன்னு 19-ஆம் நூற்றாண்டு மருத்துவக் குறிப்புகள்ல இந்தத் தொழிலாளிங்க திரும்பத் திரும்ப வர்றாங்க. எந்தக் கையால பல்லு கொத்தி சோறு தின்னாங்களோ, அதே கை விழுந்துச்சு. கைவேலை கைவேலைன்னு உருகுறவங்க (நானும்தான்) இதையும் சேர்த்தே நினைச்சுக்கணும். மெஷின் வந்தது நல்லதுக்குத்தான்.

ஆனா வந்த மெஷின் ரொம்ப ஒழுங்கு. ஒரே இடைவெளி, ஒரே ஆழம். அரம் அதிர்ந்துச்சு, வரி விழுந்துச்சு, கைவெட்டு அரம்தான் ஒசத்தின்னு வாங்குறவங்க அடம் பிடிச்சாங்க. 1864-ல அமெரிக்காவுல பிராவிடன்ஸ் ஊர்ல வில்லியம் நிக்கல்சன் அரம் கம்பெனி ஆரம்பிச்சார். அவர் மெஷின் அரத்துல பல்லு இடைவெளி ஒரே அளவா இருக்காது, போகப் போக மாறும். மரத்துக்கு அந்தக் கம்பெனி போட்ட 49, 50-ஆம் நம்பர் ராஸ்ப்ல வேணும்னே பல்லைக் கலைச்சு நட்டிருப்பாங்க. 49 முரடு, 50 நைசு. மெஷின் பாகம் வார்க்குறதுக்கு முன்னாடி மரத்துல அச்சு செய்யுற பேட்டர்ன் ஆசாரிங்களுக்கு உயிரான சாமான் இது.

அதாவது, மனுஷக் கை இலவசமா குடுத்த பிசகை, மெஷின்ல காசு செலவு பண்ணி உண்டாக்கியிருக்காங்க! நம்ம பொட்டி தட்டுற மக்களுக்கு இது புதுசில்ல. ரெண்டு கம்ப்யூட்டர் ஒரே கம்பியில ஒரே நேரத்துல பேசி மோதிக்கிட்டா, ஈதர்நெட்ல ரெண்டையும் ரேண்டமா ஒரு நேரம் காத்திருக்கச் சொல்லுவோமே, ஏன்? ரெண்டும் ஒரே அளவு காத்திருந்தா திரும்பவும் மோதும். அதே கதைதான், இங்க இரும்புல.

கையால கொத்துறவங்க இன்னும் முழுசா ஒழியல. பிரான்ஸ்ல லியோஜியே, ஓரியுன்னு 19-ஆம் நூற்றாண்டுல இருந்து வர்ற ரெண்டு பேர்ல இன்னும் ஒவ்வொரு பல்லாத்தான் கொத்துறாங்க. முரட்டுல இருந்து நைசு வரைக்கும் 1-லிருந்து 15 நம்பர். இடதுகைக்காரங்களுக்குத் தனியாவும் கிடைக்கும், பல்லு சாஞ்சு நிக்கிற திசை அப்படி. விலையைப் பார்த்தா அப்பா மம்பட்டியை என் மேலயே போடுவார்.

மெஷின் கதையில கடைசியா ஒரு கூத்து. 1990-கள்ல அமெரிக்காவுல மைக்ரோபிளேன்னு ரசாயன முறையில கூராக்கின தகட்டை மர ராஸ்ப்பா வித்தாங்க. 1994-ல கனடாவுல ஒரு அம்மா, தங்களோட கடையில இருந்த அதை எடுத்து ஆரஞ்சுத் தோலைத் துருவ, அது பூ மாதிரி கொட்டியிருக்கு. இன்னைக்கு அது சமையலறைச் சாமானாத்தான் பிரபலம். தகரத் துருவி மரத்துக்குப் போய்ட்டு திரும்ப அடுப்படிக்கே வந்துடுச்சு.

சரி, நம்மூர்க் கடையில எப்படிப் பொறுக்குறது? ராஸ்ப்பை வெளிச்சத்துக்கு நேரா கண்ணு மட்டத்துல பிடிச்சு நீளவாக்குல பாருங்க. பல்லு நேர்க்கோடா, தென்னந்தோப்பு மாதிரி தெரிஞ்சா திருப்பிக் குடுத்துடுங்க. கருவக்காடு மாதிரி கலைஞ்சு தெரிஞ்சா எடுத்துக்கலாம். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவுன்னு அரைவட்டமா இருந்தா ரெண்டு வேலைக்கும் ஆகும். கைப்பிடி போடாம ஓட்டாதீங்க, வால் உள்ளங்கையில குத்தும். தள்ளும்போது மட்டும் அழுத்தணும், திரும்பும்போது தூக்கிடணும். வரிப்பல்லு ராஸ்ப்தான் கிடைச்சுதுன்னா, ஆசாரி சொன்ன வழி இருக்கு: ஒரே திசையில ஓட்டாம, ஒரு தடவை இடப்பக்கமா சாய்ச்சு, அடுத்த தடவை வலப்பக்கமா சாய்ச்சு ஓட்டுங்க. பல்லு செய்யாத கலைப்பை கை செஞ்சுடும். மிச்ச மேட்டை உடைஞ்ச கண்ணாடித் துண்டால சொரண்டி எடுத்துடலாம்.