கைவிடப்பட்ட மென்பொருளும் காத்த எண்மரும்

ஒருவர் தம் இல்லத்திலிருந்து கணனி வாயிலாக ஒரு வலைப்பக்கத்தைக் கேட்கும்பொழுது, எங்கோ தொலைவிலுள்ள இன்னொரு கணனி அவ்வேண்டுகோளை ஏற்று, உரிய பக்கத்தை எடுத்து அனுப்புகின்றது. இவ்வாறு வழங்கும் கணனி சேவையகம் எனப்படும். அதனுள்ளிருந்து இப்பணியை ஆற்றுவது சேவையக மென்பொருளாகும். படிப்பவர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. ஆயினும், அது நின்றால் யாவும் நின்றுவிடும். 1990ஆம் ஆண்டில், சுவிற்சலாந்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் உலகின் முதலாவது வலைச் சேவையகத்தை அமைத்த ரிம் பேணர்ஸ் லீ, அக்கணனியை எவரும் அணைத்துவிடலாகாதெனச் சிவப்பு மையினால் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தார். ஒரு காகிதத் துண்டின் காவலில் வலையுலகம் வாழ்ந்த காலம் அது.

பின்னர், அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீகணிமை நிலையத்தில் றொப் மக்கூல் என்பார் ஒரு சேவையக மென்பொருளை எழுதினார். அது விலையின்றிக் கிடைத்தது; அதன் மூலநிரலும் மறைக்கப்படவில்லை. ஆதலால் 1995ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, வலையுலகில் மிகுதியாக வழங்கிய சேவையக மென்பொருள் அதுவே ஆயிற்று. ஆனால் 1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே மக்கூல் அந்நிலையத்தை விட்டு நீங்கியிருந்தார். ஆக்கியவர் அகன்றார், ஆக்கத்தின் வளர்ச்சியும் நின்றது.

அதனை நம்பியிருந்த கணனி நிருவாகிகளின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு சேவையகத்தை நிறுவுவதென்பது அந்நாளில் எளிதான காரியமன்று. முதலில் மூலநிரலைப் பெற்று, தத்தம் கணனிக்கேற்ப அதனை இயங்குநிரலாக மாற்றவேண்டும். அதன்பின் அமைவுக் கோப்புகளை வரிவரியாகத் திருத்தவேண்டும். எந்த வாயிலில் வேண்டுகோளுக்குக் காத்திருப்பது, பக்கங்கள் எங்கே உள்ளன, எவரை அனுமதிப்பது, எவரைத் தடுப்பது, வந்துபோனோர் குறிப்பை எங்கே எழுதுவது என்பனவெல்லாம் அக்கோப்புகளிலேதான் வரையறுக்கப்பட்டன. ஓரெழுத்துப் பிழைத்தாலும் சேவையகம் இயங்க மறுக்கும். அன்றி, அடைத்திருக்கவேண்டிய கதவு திறந்து கிடக்கும்.

மென்பொருளிலேயே குறை காணப்பட்டபொழுது, அதனைத் தீர்த்துக்கொடுக்க எவருமில்லை. எனவே நிருவாகிகள் தாமே திருத்தங்களை எழுதினர். இத்தகைய சிறு திருத்தத்தை ஒட்டு என்பர். ஓரிடத்தில் எழுதிய ஒட்டு மற்றோரிடத்தை எட்டவில்லை. புதிதாக நிறுவியவருக்கோ பழைய பிழைகள் அனைத்தும் சேர்ந்தே கிடைத்தன. இந்நிலை நீடித்திருப்பின், தலைக்கொரு மென்பொருள் தோன்றிப் பொதுவுடைமை சிதறியிருக்கும். சேவையக மென்பொருளை விலைக்கு விற்கும் நிறுவனங்களும் அப்பொழுது தோன்றிவிட்டன.

1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பிறையன் பெலன்டோவ், கிளிவ் ஸ்கொல்னிக் ஆகிய இருவரும், இவ்வாறு தனித்தனியே உழைத்தோரை மின்னஞ்சல் வழியாக ஒன்றுசேர்த்தனர். மாத முடிவில் எண்மர் கொண்ட குழு உருவாயிற்று. கிடைத்த ஒட்டுகளைத் திரட்டித் தத்தம் சேவையகங்களிலேயே சோதித்து, ஏப்ரல் மாதத்தில் 0.6.2 என்னும் முதற்பதிப்பை வெளியிட்டனர். அதற்கு அப்பாச்சி என்று பெயர் சூட்டினர். ஒட்டுப்போட்டது என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சிலேடை என அப்பெயரைச் சொல்வோருமுளர். அமெரிக்கப் பழங்குடியினர்பாற் கொண்ட மதிப்பினால் இட்ட பெயரென்று பெலன்டோவ் கூறியுள்ளார்.

பழந்துணியில் ஒட்டின்மேல் ஒட்டுப்போட்டு நெடுநாள் உடுத்த இயலாது. இதனை உணர்ந்த குழுவினருள் ஒருவரான றொபேட் தௌ, அம்மென்பொருளின் உள்ளமைப்பையே புதிதாக வகுத்தார். வேண்டிய உறுப்பைச் சேர்க்கவும் வேண்டாததை விலக்கவும் நிருவாகிக்கு அதனால் வழிபிறந்தது. 1995 டிசெம்பர் 1ஆம் நாள் 1.0 பதிப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே அப்பாச்சி உலகின் முதன்மைச் சேவையக மென்பொருளாயிற்று. 1999இல் அதனைப் பேணுவதற்கென இலாபநோக்கற்ற மன்றம் ஒன்றும் நிறுவப்பட்டது. பின்னாளில் வேறு மென்பொருள்கள் போட்டிக்கு வந்து அதன் பங்கைக் குறைத்தனவாயினும், அது காட்டிய வழி மறையவில்லை.

அவ்வழி யாது? மூலநிரல் மறைக்கப்பட்டிருந்தால் அந்த எண்மரின் திறமை பயன்பட்டிராது. மூலநிரல் திறந்திருந்தும், தாம் கண்ட திருத்தத்தைத் தமக்கே வைத்துக்கொண்டிருந்தால் மற்றவர்க்கு உய்வு வந்திராது. கருவி திறந்திருந்தது, அதனைக் கையாண்டவர் நெஞ்சமும் திறந்திருந்தது. அப்பாச்சியின் அமைவுக் கோப்பிலே நிருவாகிக்கு ஓர் அறிவுரை நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது: இங்குள்ளவற்றை விளங்கிக்கொள்ளாமல் வெறுமனே வாசித்துச் செல்லற்க என்பது அதன் கருத்து. பிறர் ஆக்கிய பொருளைப் பயன்படுத்துவோர் அனைவர்க்கும் அவ்வறிவுரை பொருந்தும். விளங்கிக்கொண்டவரே திருத்த வல்லவர்; திருத்தியதைப் பகிர்ந்தவராலேயே அப்பொருள் நிலைபெற்றது.