கொலைகாரன் வந்து சேராத பெற்றோல் நிலையம்

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தது. வாசித்து முடித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கணேஷும் வசந்தும் அவ்வளவு அலைகிறார்கள், ஹோலோகிராம் என்று ஒரு விஞ்ஞான விளக்கமும் கிடைக்கிறது. ஆனாலும் பேய் இருந்ததா இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இத்தனை பக்கம் வாசித்தவளுக்கு ஒரு பதில் தரக்கூடாதா?

இங்கே சுவிஸில் ஒருவர் இதே ஏமாற்றத்தை வேண்டுமென்றே வாசகர்களுக்குக் கொடுத்தார். பிரீட்ரிக் டூரன்மாட். ஜேர்மன் பாடத்தில் அவரிடமிருந்து தப்பியவர்கள் உங்களில் அதிகம் இருக்க மாட்டீர்கள். 1921இல் பேர்ண் மாநிலத்தில் பிறந்தவர். முதலில் காசுத் தேவைக்காகத்தான் பத்திரிகைக்குத் துப்பறியும் தொடர் எழுதினார்.

பிறகு சினிமாத் தயாரிப்பாளர் லாசர் வெக்ஸ்லர் அவரிடம் ஒரு கதை கேட்டார். பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களைப் பற்றிப் பெற்றோரை எச்சரிக்கும் படத்துக்கான கதை. 1958இல் படம் வந்தது. சூரிச் பொலிஸ் அதிகாரி மத்தேயி, கொலையுண்ட சிறுமியின் தாய்க்கு வாக்குக் கொடுக்கிறார்: கொலைகாரனைப் பிடிப்பேன். அவன் எந்தத் தெருவால் வருவான் என்று கணக்குப் போட்டு, அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தை எடுத்து நடத்துகிறார். அவன் வருகிறான், அகப்படுகிறான். (அந்த வேடத்தில் நடித்த கேர்ட் பிறோபதான் பிறகு ஜேம்ஸ் பொண்ட் படத்தில் ‘கோல்ட்பிங்கர்’ ஆனவர்.)

டூரன்மாட்டுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. அதே ஆண்டில் அதே கதையை ‘டாஸ் பெர்ஸ்பிறெஹன்’, அதாவது ‘வாக்குறுதி’, என்ற நாவலாகத் திருப்பி எழுதினார். துப்பறியும் நாவலுக்கான இரங்கல் பாட்டு என்பது அதன் உபதலைப்பு. முடிவைச் சொல்லப்போகிறேன், 1958ஆம் ஆண்டுக் கதைதானே, கோபிக்காதீர்கள். நாவலில் மத்தேயியின் கணக்கு முழுவதும் சரி. கொலைகாரனும் புறப்பட்டுத்தான் வந்தான். வழியில் கார் விபத்தில் செத்துப்போனான். இது தெரியாத மத்தேயி குடித்துக் குடித்து, வருடக்கணக்காக அந்தப் பெற்றோல் நிலையத்திலேயே காத்திருக்கிறார்.

எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் தற்செயல் கவிழ்த்துவிடும் என்பது டூரன்மாட்டின் வாதம். பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் எழுதச் சொல்வார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது இன்னொன்று. உண்மை கடைசியில் எப்படி வெளியே வருகிறது? ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் ஒரு வயதான பெண் சொல்லித்தான். அவள் கொலைகாரனின் மனைவி. எல்லாம் தெரிந்திருந்தும் இத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தை எங்கள் வீடுகளில் இருந்து வாசித்தால் வேறு மாதிரித் தெரியும். இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் இருந்தார்கள். படங்களை மடியில் வைத்துக்கொண்டு, வருடக்கணக்காக. பதில் கேட்டுக்கேட்டே செத்துப்போன பெற்றோரும் உண்டு. அங்கே தற்செயலைக் குற்றம் சொல்ல முடியாது. கையளித்ததை வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

விஞ்ஞானக் கதை பிடித்தவர்கள் அவருடைய ‘டீ பிசிக்கர்’ நாடகத்தையும் பாருங்கள். 1962இல் சூரிச்சில் முதன்முதலாக மேடையேறியது. மனநல விடுதி ஒன்றில் தாதிகள் கொலை செய்யப்படுகிறார்கள். யார் கொன்றது என்பது இரகசியமே இல்லை. ஏன் கொன்றார்கள் என்பதுதான் கதை, அதற்குள் உலகத்தையே அழிக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பும் ஒளிந்திருக்கிறது.

‘வாக்குறுதி’யை 2001இல் ஷோன் பென் அமெரிக்காவில் படமாக எடுத்தார். ஜாக் நிக்கல்சன்தான் அந்த அதிகாரி. ஹொலிவூட் என்பதால் கடைசியில் கொலைகாரனைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே பார்த்தேன். பிடிக்கவில்லை. பெற்றோல் நிலையத்தில் அந்த மனுசன் தனியாக இருந்து பேசிக்கொண்டிருக்கிறார்.