சதுரங்க நிரல்களின் ஆட்டவலிமைச் சோதனை: இஸ்கியா முதல் ஃபிஷ்டெஸ்ட் வரை

1998இல் இத்தாலியின் இஸ்கியாவில் விசுவநாதன் ஆனந்துக்கும் ரெபெல் 10 என்னும் நிரலுக்கும் இடையே நடைபெற்ற போட்டி, இயந்திரம் 5–3 என வென்றதாகவே பொதுவாகக் குறிக்கப்படுகிறது. ஆனந்த் அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாமிடத்தில் இருந்தவர். ஆயினும் அந்த 8 ஆட்டங்களும் ஒரே தன்மையின அல்ல. 5 நிமிட ஆட்டங்கள் நான்கில் நிரல் 3–1 எனவும், 15 நிமிட ஆட்டங்கள் இரண்டில் 1½–½ எனவும் வென்றது. 40 நகர்வுகளுக்கு 2 மணி நேரம் என்னும் முறையான கால அளவில் நடந்த இரு ஆட்டங்களில் வென்றவர் ஆனந்தே.

ஈலோ சூத்திரத்தின்படி 3–1 என்பது நிரலுக்குச் சுமார் 191 புள்ளி மேன்மையைக் காட்டுகிறது. இறுதி இரு ஆட்டங்களோ அதே அளவு தாழ்வைக் காட்டுகின்றன. எனவே கால அளவைச் சுட்டாமல் வலிமையைக் கூறுவது பொருளற்றது. ஆட்ட எண்ணிக்கையும் போதாது. நாணயத்தை 8 முறை சுண்டினால் ஐந்தோ அதற்கு மேலோ தலை விழும் நிகழ்தகவே 36 விழுக்காடு. இவ்வளவு மெலிந்த சான்றைக் கொண்டு 'மனிதன் தோற்றான்' என எழுதுவது வரலாற்று முடிபாகாது.

நிரலை உருவாக்குவோரின் சிக்கல் இதனினும் நுண்ணியது. ஒரு திருத்தத்தால் விளையும் 2 புள்ளி முன்னேற்றத்தை உறுதிசெய்யப் பல்லாயிரம் ஆட்டங்கள் தேவை. பயனற்ற திருத்தத்திற்கும் அத்தனை ஆட்டங்களைச் செலவிடுவது வீண். இதற்கான தீர்வு சதுரங்கத்திலிருந்து வரவில்லை. போர்த்தளவாடச் சோதனையிலிருந்து வந்தது. 1943இல் கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் ஆய்வுக்குழுவில் ஆபிரகாம் வால்ட் வரிசைமுறைச் சோதனையை வகுத்தார். மாதிரி அளவை முன்கூட்டியே நிறுவாமல், ஒவ்வொரு முடிவு வந்தபின்னும் சான்றை மதிப்பிட்டு, மேலெல்லையையோ கீழெல்லையையோ தொட்டவுடன் சோதனையை நிறுத்துவதே அதன் சாரம். தண்டலம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத் தொழிற்சாலைகளில் தர ஆய்வுப் பணி செய்வோருக்கு, ஒரு சரக்குத் தொகுதியை ஏற்பதா மறுப்பதா என்னும் இவ்வினா புதிதன்று. மகலனோபிசு வங்காளச் சணல் நிலப்பரப்பை மதிப்பிட நடத்திய மாதிரிக் கணக்கெடுப்புகளை இம்முறைக்கு முன்னோடியாக வால்டே சுட்டியுள்ளார். இந்திய அரசின் அழைப்பின்பேரில் விரிவுரையாற்ற வந்த வால்ட், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் இந்நிகழ்வுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

2013இல் ஸ்டாக்ஃபிஷ் நிரலுக்காக கேரி லின்ஸ்காட் அமைத்த ஃபிஷ்டெஸ்ட், தன்னார்வலர்களின் கணினிகளில் வால்டின் முறையைச் செயற்படுத்துகிறது. இருவகைப் பிழைக்கும் 5 விழுக்காடு இடமளித்தால், நிகழ்தகவு விகிதத்தின் மடக்கை 2.94ஐ எட்டும்போது திருத்தம் ஏற்கப்படும், –2.94இல் மறுக்கப்படும். ஒரே தொடக்க நிலை நிறம் மாற்றி இருமுறை ஆடப்படுகிறது. குறுகிய கால அளவில் தேறிய திருத்தம் நீண்ட கால அளவிலும் சோதிக்கப்படுகிறது. இஸ்கியா எழுப்பிய ஐயத்திற்கு இங்கு நடைமுறை விடை கிடைத்துவிடுகிறது. எனினும் இங்கு நிரல் மோதுவது தன் முந்தைய வடிவத்தோடுதான். இதில் பெறும் புள்ளிகளை மனிதத் தரவரிசைப் புள்ளிகளோடு நேராக ஒப்பிட இயலாது.