கிதாருக்குப் பின்னால் மூன்று பேர்

சந்தானா என்றதும் எல்லாரும் கிதாரைத்தான் பேசுவார்கள். மெல்லிசைக் குழுவில் டும்பா அடித்துப் பிழைத்தவன் நான். எனக்கு அது தாளக்காரர்களின் குழு.

கார்லோஸ் சந்தானா 1947இல் மெக்சிகோவில் பிறந்தவர். அப்பா மரியாச்சி வயலின்காரர். பிள்ளை திஹுவானா மதுக்கடைகளில் கிதார் வாசித்துவிட்டு சான் பிரான்சிஸ்கோ போய், 1966இல் ‘சந்தானா புளூஸ் பேண்ட்’ தொடங்கினார். வெறும் புளூஸோடு நின்றிருந்தால் அந்த ஊரில் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். கியூபத் தாளம் உள்ளே வந்தது, குழு வேறாகிவிட்டது. காங்காவில், அதாவது எங்கள் டும்பாவில், மைக்கேல் கராபெல்லோ. டிம்பாலிஸ் என்ற ஜோடி மேளத்தில் நிகராகுவாக்காரர் செப்பித்தோ அரேயாஸ். டிரம்ஸில் மைக்கேல் ஷ்ரீவ். மூன்று பேர் ஒரே நேரத்தில் அடித்தால் சந்தைக்கடை ஆகிவிடும். எங்கள் மேடைகளில் ஆகியிருக்கிறது. இவர்களோ ஒருவர் விட்ட இடத்தில்தான் இன்னொருவர் அடிப்பார்கள்.

1969 ஆகஸ்ட் 16, வுட்ஸ்டாக் இசைவிழா, மத்தியானம். முதல் ஆல்பம்கூடக் கடைக்கு வந்திருக்கவில்லை. மேடையேற நேரமிருக்கிறது என்று நினைத்து போதை மருந்து எடுத்திருந்த கார்லோஸுக்கு, கிதாரின் கழுத்து பாம்பாக நெளிந்ததாம், அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகலைத் தாங்கியது தாளம்தான். ‘சோல் சாக்ரிஃபைஸ்’ பாட்டில் 20 வயது ஷ்ரீவ் தனியாக வாசிப்பதை மறு வருடம் வந்த வுட்ஸ்டாக் படத்தில் உலகமே பார்த்தது.

1970இல் ‘அப்ராக்ஸஸ்’ ஆல்பம். அதிலுள்ள ‘ஓயே கோமோ வா’ நியூயார்க்கின் டிட்டோ புவெந்தே 1962இல் போட்ட சா-சா-சா, கியூப ஆட்டத் தாளம். அவரும் டிம்பாலிஸ்காரர். புல்லாங்குழலும் பித்தளை வாத்தியங்களும் இருந்த இடத்தில் கிரெக் ரோலியின் ஹாமண்ட் ஆர்கனையும் கிதாரையும் வைத்தார்கள். நடையில் கை வைக்கவில்லை. அது தெரிந்தவன் செய்கிற வேலை. அதே ஆல்பத்தின் ‘பிளாக் மேஜிக் வுமன்’ பீட்டர் கிரீன் எழுதிய ஆங்கில புளூஸ். அதற்கும் டும்பா ஏறியதும் ஆடவைக்கும் பாட்டாகிவிட்டது.

பிறகு பிரிவுதான். ரோலியும் குழுவின் இன்னொரு கிதார்காரர் நீல் ஷோனும் 1973இல் ‘ஜர்னி’ குழுவுக்குப் போனார்கள். கார்லோஸ் ஸ்ரீ சின்மோயிடம் சீடரானார். 1999இல் ‘சூப்பர்நேச்சுரல்’ ஆல்பம் வந்து 9 கிராமி வாங்கியது. அதிலுள்ள ‘ஸ்மூத்’ பாட்டு 12 வாரம் அமெரிக்காவில் முதலிடம். பாடியவர் ராப் தாமஸ் என்கிற வெள்ளைக்கார ராக் பாடகர். அடியில் ஓடியது பழைய சா-சா-சாவேதான்.

2016இல் பழைய ஆட்களைச் சேர்த்து ‘சந்தானா 4’ போட்டார்கள். ரோலி, ஷோன், ஷ்ரீவ், கராபெல்லோ எல்லாரும் வந்தார்கள். செப்பித்தோ இல்லை. டிம்பாலிஸ் வாசித்தவர் கார்ல் பெராஸோ. சுத்தமான கை, குறையே சொல்ல முடியாது. ஆனாலும் நான் 1970க்குத்தான் திரும்பிப் போகிறேன்.